பாலத்தில் திக்கும் கார்

போன வாரம் மந்தைவெளியில் ஒரு கடையில் பேனா வாங்கினேன். சில்லறை இல்லை என்று கடைக்காரர் மீதிக்கு ஒரு ரப்பரை எடுத்துக் கையில் வைத்தார். முன்பெல்லாம் மிட்டாய் தருவார்கள். எனக்குச் சர்க்கரை இருப்பது முகத்திலேயே தெரிந்துவிட்டதோ என்னவோ. பச்சை நிறத்தில் ஒரு வாசனை ரப்பர். நடந்துகொண்டே மூக்கருகே கொண்டுபோனேன். ஐம்பதைத் தாண்டிய ஒருவன் தெருவில் ரப்பரை மோந்துகொண்டே போனால் பார்க்க நன்றாகவா இருக்கும்? ஒரு ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும். எனக்கு எங்கள் வீட்டுப் பழைய கம்ப்யூட்டர் ஞாபகம் வந்துவிட்டது.

ரப்பருக்கும் கம்ப்யூட்டருக்கும் என்னய்யா சம்பந்தம் என்று கேட்பீர்கள். கடற்கரைப் பக்கம் குடியிருந்தவர்களைக் கேளுங்கள், சொல்வார்கள். அப்போது எங்கள் வீடு பட்டினப்பாக்கத்துக்குப் பக்கத்தில், மூன்றாவது மாடியில். காலையில் மீன் வாசனை மேலே ஏறி வரும். அம்மா ஜன்னலைச் சாத்துவாள். சாயங்காலம் காற்று வேண்டும் என்று அவளே திறப்பாள். அந்தக் காற்றில் உப்பு இருக்கும். ஜன்னல் கம்பி, இரும்பு பீரோ, சைக்கிள் எதையும் அது விட்டுவைக்காது. கம்ப்யூட்டரை மட்டும் விட்டுவைக்குமா? மாதத்துக்கு ஒரு தடவை, சுவிட்சைப் போட்டால் திரையில் ஒன்றுமே வராது. பீப் பீப் என்று அழும். உடனே மூடியைக் கழற்றி, உள்ளே சீப்பு மாதிரி நிற்கும் மெமரித் துண்டுகளைப் பிடுங்கி, அவற்றின் பல்லை ரப்பரால் தேய்க்க வேண்டும். தேய்த்துச் சொருகினால் சமத்தாக எழுந்துகொள்ளும். அந்த வேலை அக்காவுடையது. அவளுடைய ஜியாமெட்ரி பாக்ஸில் இருந்த பச்சை வாசனை ரப்பர்தான் எங்கள் சர்வீஸ் என்ஜினீயர்.

அந்தக் கம்ப்யூட்டர் அப்பாவின் ஆபீஸில் இனி உதவாது என்று கண்டம் பண்ணி ஏலம் விட்டது. அக்கா அப்போது மயிலாப்பூரில் ஒரு மாடியில் கம்ப்யூட்டர் கோர்ஸ் படித்துக்கொண்டிருந்தாள். வீட்டிலேயே ஒன்று இருந்தால் பெண்ணுக்கு நல்லது என்று அப்பா வாங்கி வந்தார். கறுப்பு வெள்ளைத் திரை. அம்மா தன் பழைய பட்டுப் பாவாடையைக் கிழித்து அதற்கு ஒரு உறை தைத்துப் போட்டாள், ஜரிகை முன்பக்கம் வருகிற மாதிரி. கல்யாணப் பெண் மாதிரி உட்கார்ந்திருக்கும். சரஸ்வதி பூஜைக்குத் திரையின் நெற்றியில் சந்தனம் குங்குமம் வேறு. அன்றைக்குப் புத்தகத்தைத் தொடக்கூடாது இல்லையா, அதனால் கம்ப்யூட்டரையும் தொடக்கூடாது. அக்கா வாதாடிப் பார்த்தாள்.

"அம்மா, நாங்க கேம்தானே ஆடப் போறோம். அது படிப்பு இல்லையே. தொட்டா என்ன?"

"ஓஹோ. அப்போ தினமும் படிச்சிண்டிருக்கேன் படிச்சிண்டிருக்கேன்னு சொன்னதெல்லாம் என்னடி?" என்றாள் அம்மா.

அதற்கப்புறம் அன்று முழுவதும் நாங்கள் கம்ப்யூட்டர் பக்கமே போகவில்லை.

அம்மா கேட்டதில் நியாயம் இருந்தது. படிப்பு நடந்ததை விட கார் ரேஸ்தான் அதிகம் நடந்தது. யாரோ ஒரு ஃபிளாப்பியில் கொடுத்த ஆட்டம். திரை இரண்டாகப் பிரிந்திருக்கும். மேல் பாதி அக்காவுக்கு, கீழ்ப்பாதி எனக்கு. ஒரே கீபோர்டில் இரண்டு பேர். இடதுபக்க எழுத்துகள் அவளுக்கு, வலதுபக்க அம்புகள் எனக்கு. ஒரு நாற்காலி, ஒரு ஸ்டூல். மூத்தவள் என்பதால் நாற்காலி அவளுக்கு. ஜெயிக்கிற நிலைமை எனக்கு வந்தால் அவள் முழங்கை என் விலாவுக்கு வரும். "தெரியாம பட்டுதுடா" என்பாள். எத்தனை தடவை தெரியாமல் படும்?

இரண்டு காரும் திரையில் சாம்பல் நிறம்தான். ஒன்று கொஞ்சம் வெளுப்பு, ஒன்று கொஞ்சம் கறுப்பு. ஆனால் அக்கா தன்னுடையது சிவப்பு என்று அடித்துச் சொல்வாள். "பார்த்தாலே தெரியலையாடா, சிவப்புதான் இப்படி வெளுத்துத் தெரியும்." அப்படி ஒரு சட்டம் எந்த ஊரில் இருக்கிறது என்று தெரியாது. ஒப்புக்கொண்டேன். என்னுடையதை நீலம் என்று வைத்துக்கொண்டேன்.

எல்லாம் நன்றாகத்தான் போகும், பாலம் வருகிற வரைக்கும். சுற்றில் பாதி தூரத்தில் ஒரு பாலம். இரண்டு காரும் அதில் ஏறினால் எங்கள் கிழட்டு மெஷினுக்கு மூச்சு முட்டிவிடும். கார் திக்கித் திக்கிப் போகும். நகரும், நிற்கும், மறுபடி நகரும். அந்தத் திக்கலில் யாருடைய கார் எப்போது வழுக்கும் என்று சொல்லவே முடியாது. முக்கால்வாசி அக்காவுடையதுதான் வழுக்கித் தண்ணீரில் விழும். நாற்காலியை விட்டே எழுந்துவிடுவாள். "இது போங்கு! நான் தோக்கலை, மெஷின் தோத்துப் போச்சு!" அம்மா சமையலறையிலிருந்து, "மெதுவாடீ, கீழாத்துக்காரா என்ன நினைச்சுப்பா?" என்பாள். வாழ்க்கையில் நான் நிறைய சிரித்தது அந்தப் பாலத்தில்தான் என்று தோன்றுகிறது.

அக்காவுக்குக் கல்யாணம் ஆயிற்று. மாப்பிள்ளைக்கு அமெரிக்காவில் வேலை. மீனம்பாக்கத்தில் எல்லோரும் அழுது, முகம் துடைத்து, மறுபடி அழுதுகொண்டிருந்தபோது அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். ஏதோ பெரிய விஷயம் சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன்.

"டேய், அந்தப் பாலத்தை மட்டும் சரி பண்ணி வை. நான் வந்தா திக்காம போகணும். அப்போ பார்ப்போம் யார் ஜெயிக்கறான்னு."

"சரி" என்றேன். அதற்கு மேல் பேசியிருந்தால் நானும் அழுதிருப்பேன். என் மானம் போயிருக்கும்.

அப்புறம் தனியாக ஆடிப் பார்த்தேன். இரண்டு பேர் ஆட்டத்தில் இன்னொரு காரைக் கம்ப்யூட்டர் ஓட்டாது. நாம்தான் ஓட்ட வேண்டும். என் கார் கிளம்பிப் போகும். அக்காவுடையது கிளம்பும் கோட்டிலேயே நிற்கும். நான் ஒரு சுற்றுச் சுற்றி வந்தால் அங்கேயே நிற்கும். இரண்டு கையாலும் இரண்டையும் ஓட்டிப் பார்த்தேன். இரண்டும் சுவரில் முட்டின. உறையைப் போட்டு மூடிவிட்டேன். ஜரிகை முன்பக்கம்.

நான் தி.நகரில் ஒரு மாடி ஆபீஸில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். பில் போடுகிற வேலை. ஒருநாள் வீட்டுக்கு வந்தால் அம்மா வாசலிலேயே நிற்கிறாள். "அக்கா உண்டாயிருக்காடா!" அப்பா காலண்டரைச் சுவரிலிருந்தே கழற்றிவிட்டார். தலைப் பிரசவம் பிறந்த வீட்டில்தானே! ஏழாம் மாசத்துக்குள் வந்துவிட வேண்டும், அதற்கு மேல் பிளேனில் ஏற்றமாட்டார்கள் என்று அம்மா எங்கேயோ விசாரித்து வைத்திருந்தாள். நானும் ஒரு கணக்குப் போட்டேன். பிரசவத்துக்கு முன்னால் கொஞ்சம், பின்னால் கொஞ்சம், ஆக அரை வருஷம் அக்கா எங்கள் ஆத்தில். வயிற்றைத் தள்ளிக்கொண்டு வருகிறவள் முழங்கையால் இடித்துக்கொண்டு கார் ரேஸ் ஆடுவாளா என்றெல்லாம் இந்த மண்டைக்கு உறைக்கவே இல்லை.

அம்மா மெத்தையைப் பிரித்துப் பஞ்சு அடிக்கக் கொடுத்தாள். அப்பாவின் பழைய வேஷ்டிகளைக் குழந்தைக்குத் துணியாகக் கிழித்து, துவைத்து, அடுக்கினாள். நான் கம்ப்யூட்டரைச் சரிபண்ணக் கிளம்பினேன்.

துணைக்கு சலீம். என் ஆபீஸ்காரன், திருவல்லிக்கேணி. கம்ப்யூட்டரின் வயிற்றைக் கிழித்துப் பார்ப்பதில் அவனுக்கு அலாதி இஷ்டம். ஒரு சனிக்கிழமை மத்தியானம், மவுண்ட் ரோடு பக்கம் ரிச்சி தெருவுக்கு அழைத்துப் போனான். ஈயம் உருகுகிற வாசனை, சமோசா வாசனை, நடுவில் சாக்கடை. கடை என்றால் ஒரு ஆள் நிற்கிற அகலம். கடைக்காரர் எங்கள் கதையைக் கேட்டுவிட்டு, "பாலமாவது ஒண்ணாவது. இந்த பென்டியம் போர்டைப் போடு சார், ராக்கெட் மாரி போவும்" என்றார். கூடவே, "பழைய போர்டைக் குடுத்துடு. எக்ஸ்சேஞ்சுல எடுத்துக்கறேன்."

எனக்குக் கொஞ்சம் தயக்கம். அக்கா ரப்பர் போட்டுத் தேய்த்த மெமரி எல்லாம் அந்தப் போர்டோடு போகும். சலீம் முதுகில் தட்டினான்.

"குடுத்துடு மச்சி. அத்த வெச்சிக்கினு இன்னா பண்ணப் போறே? ஊறுகாயா போடப் போறே?"

கொடுத்துவிட்டேன். பழைய பேன்ட்டுக்கு எவர்சில்வர் கிண்ணம் வாங்கின பரம்பரை இல்லையா நாம்! பழசைக் கொடுத்துப் புதுசு வாங்கினால் ஏதோ ஜெயித்த மாதிரி இருக்கும். கூடவே செகண்ட் ஹேண்டில் ஒரு கலர் திரையும் வாங்கினேன். அதை ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். வேகத்தடை வரும்போதெல்லாம் டிரைவரிடம் "மெதுவாண்ணே, மெதுவாண்ணே" என்றேன். "இன்னா சார், கொய்ந்தையா?" என்றார் அவர்.

மறுநாள் ஞாயிறு. சலீம் வந்து எல்லாவற்றையும் மாட்டி, கடைசி ஸ்குரூ முடுக்கி, சுவிட்சில் கை வைக்கப் போனான். அப்பா பேப்பருக்குப் பின்னாலிருந்து, "நாலரைலேர்ந்து ஆறு ராகு காலம்" என்றார். சலீம் கையை எடுத்துக்கொண்டான். "மாமா சொன்னா சரியாத்தான் இருக்கும்." அம்மா கொடுத்த காபியைக் குடித்து, முறுக்கைத் தின்றுகொண்டு ஆறு மணிவரை அவனும் காத்திருந்தான். போட்டோம். அடேயப்பா! புதிதாக ஒரு சிடியில் கொண்டுவந்திருந்த துப்பாக்கி ஆட்டம் வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு போயிற்று. அப்பாகூட எழுந்துவந்து பார்த்தார்.

"உன் கார் கேமைப் போடு மச்சி, பாலத்தைப் பாக்கலாம்" என்றான் சலீம்.

"அதை இப்போ போடமாட்டேன். அக்கா வந்து அவதான் முதல்ல ஆடணும்."

அவனுக்குச் சிரிப்பு. கிரகப்பிரவேசம் ஆகாத வீட்டில் யாராவது போய்ப் படுத்துத் தூங்குவார்களா? எனக்கு அப்படித்தான் இருந்தது. அக்காவிடம் போனில்கூட ஒன்றும் சொல்லவில்லை. வந்து பார்க்கட்டும், வாயைப் பிளக்கட்டும் என்று பொத்தி வைத்திருந்தேன்.

அவள் வரவில்லை. குழந்தை அங்கேயே பிறந்தால் பிற்காலத்துக்கு நல்லது என்று மாப்பிள்ளைக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். டாக்டரும் பிரயாணம் வேண்டாம் என்றாராம். ஐ.எஸ்.டி.யில் அக்கா, "அம்மாவும் அப்பாவும் இங்க வரட்டும்டா" என்றாள். அந்த வருஷங்களில் மயிலாப்பூர்ப் பக்கம் இது சகஜம். பெண்கள் பிரசவத்துக்கு வருவது போய், அம்மாக்கள் பிளேன் ஏற ஆரம்பித்திருந்தார்கள். பெட்டியில் பாதி பருப்புப் பொடி, பாதி பிரசவ லேகியம். அடித்து வைத்த மெத்தை இங்கேயே கிடந்தது. வேஷ்டித் துணிகள் மட்டும் அமெரிக்கா போயின.

மீனம்பாக்கத்தில் அவர்களை ஏற்றிவிட்டு வீட்டுக்கு வந்து பூட்டைத் திறந்தேன். மூன்று ரூம். கடல் சத்தம் அவ்வளவு பெரிது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. இத்தனை நாள் அம்மா பேசிக்கொண்டே இருந்ததில் கேட்டதில்லை. தயிர்சாதம், ஊறுகாய், ஆபீஸ், மறுபடி தயிர்சாதம். துப்பாக்கி ஆட்டத்தில் நான் சுட்டுக்கொல்லாத பேய் இல்லை. சுட்டுவிட்டுப் பக்கத்தில் திரும்பினால் ஸ்டூல் காலி. சொல்லவே கூச்சமாக இருக்கிறது. நான் நாற்காலியில் உட்காரவில்லை, ஸ்டூலில்தான் உட்கார்ந்தேன், நாற்காலியைக் காலியாக விட்டு. ஸ்டூல் காலி என்று முதலில் மாற்றிச் சொல்லிவிட்டேன் பாருங்கள். காலியாக இருந்தது நாற்காலிதான். அவர்கள் திரும்பி வரும்வரை, அந்த ஆறு மாதம் நான் ரொம்பத் தனியாக இருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. யாராவது கேட்டால், "நிம்மதியா இருக்கேன்" என்றேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் வந்தது. அப்பா. "பொண் குழந்தைடா! ரெண்டு பேரும் சௌக்கியம்!" வைத்துவிட்டார், காசு ஏறும் என்று. எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. யாரிடமாவது சொல்லியாக வேண்டும். கீழ் வீடு பூட்டியிருந்தது. எதிர் வீட்டில் எல்லோரும் கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். சலீம் வீட்டில் போன் கிடையாது. மாமாவாகிவிட்ட சந்தோஷத்தை வைத்துக்கொண்டு கூடத்தில் தனியாக நின்றேன். பிறகு பட்டு உறையை எடுத்துவிட்டு, அக்காவுக்கென்று வைத்திருந்த ஆட்டத்தைப் போட்டேன். அவள் பக்கத்தில் இருப்பதாக நினைத்துக்கொண்டு ஒரு தடவை ஆடலாம், இன்றைக்கு ஆடாமல் என்றைக்கு ஆடுவது?

திரை கலராக வந்தது. முதலில் பார்த்தது அக்காவின் காரை. மஞ்சள். நல்ல மாம்பழ மஞ்சள். சிவப்பு இல்லவே இல்லை. என்னுடையதுதான் சிவப்பு. வாய்விட்டுச் சிரித்தேன். எத்தனை சண்டை இதற்காக! அப்புறம் அம்பை அழுத்தினேன். கார் இருந்த இடத்தில் காணோம். அழுத்தின விரலை எடுப்பதற்குள் சுவரில் மோதி நொறுங்கிக் கிடந்தது. மறுபடி. மறுபடியும் அதே கதி. தடவிக்கொடுக்கிற மாதிரித் தொட்டுப் பார்த்தேன். பாலம் வந்ததா போனதா என்றே தெரியவில்லை, தண்ணீருக்குள் கிடந்தது கார். அந்தப் பழைய ஆட்டம் மெஷின் ஓடுகிற வேகத்துக்குத் தானும் ஓடுமாம். பழைய மெஷின் நடந்தால் நடக்கும். ராக்கெட் மாரி போனால் ராக்கெட் மாரி போகும். பின்னால்தான் இதெல்லாம் தெரிந்தது.

மறுநாள் சலீமை இழுத்துக்கொண்டு ரிச்சி தெருவுக்கு ஓடினேன். பழைய போர்டு திரும்ப வேண்டும். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அது அன்னைக்கே போயிடுச்சே சார். யார்னா எடுத்துக்கினு போயிருப்பாங்க, இல்ல ஈயத்துக்கு உருக்கியிருப்பாங்க." தெரு முழுக்க, கடை கடையாக, கோணிப் பையில் கொட்டிவைத்திருந்த பழைய போர்டுகளைக் கிளறிப் பார்த்தேன். எல்லாம் ஒன்று போலவே இருந்தன. வாசனை பிடித்துக்கூடப் பார்த்தேன், ரப்பர் வாசனை அடிக்கிறதா என்று. அடிக்குமா? பைத்தியக்காரத்தனம்.

"கம்ப்யூட்டர் ஸ்லோவா கீதுன்னு அழுவறவனைப் பாத்திருக்கேன். ஃபாஸ்ட்டா கீதுன்னு அழுவற மொத ஆளு நீதான் மச்சி" என்றான் சலீம். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தவன், டீ வாங்கிக் கொடுத்தான்.

அடுத்த போனில் அக்கா எல்லாம் சொல்லிவிட்டு, குழந்தையை அழவைத்துச் சத்தத்தைக் கேட்கவைத்துவிட்டு, "கம்ப்யூட்டர் எப்படிடா இருக்கு? பாலம்?" என்றாள்.

"இப்போ திக்கறதே இல்லை" என்றேன்.

"சமத்து! நான் வரேன் இரு."

வந்தாள், குழந்தை நடக்க ஆரம்பித்த பிறகு. வந்ததில் பாதி நாள் மாமியார் ஆத்தில். மீதியில் நங்கநல்லூர் அத்தை, திருப்பதி, பாண்டி பஜாரில் புடவை, குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. கிளம்புகிற அன்று மத்தியானம், பெட்டியெல்லாம் கட்டி வாசலில் நிற்க, குழந்தை அம்மா மடியில் தூங்க, அக்காவே வந்து பட்டு உறையை எடுத்தாள். நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

"என்னடா இது, என் கார் மஞ்சளா!" என்றாள். "இத்தனை நாளா சிவப்புன்னு நினைச்சிண்டிருந்தேன்."

"சிவப்பு என்னோடது" என்றேன்.

"போடா" என்று முழங்கையால் இடித்தாள். அந்த ஒரு இடி போதும் என்று தோன்றியது. பிறகு விரலை வைத்து அழுத்தினாள், நானும் அழுத்தினேன். பாலம் ஒரு கீற்று மாதிரித் திரையில் பளிச்சிட்டு மறைந்தது. இரண்டு காரும் சுவரடியில் கிடந்தன.

அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பாலம் எங்கடா?"

"தாண்டியாச்சு."

"எப்போ?"

 உள்ளே குழந்தை விழித்துக்கொண்டு அழுதது. அக்கா எழுந்து போனாள். கீழே டாக்ஸி ஹாரன் அடித்தது.

இப்போது அந்த மாடி வீடு இல்லை, இடித்துவிட்டார்கள். பட்டு உறை எங்கே போயிற்றென்று தெரியாது. அம்மா இல்லை, அப்பா இல்லை. சலீம் சார்ஜா போனவன் அங்கேயே இருந்துவிட்டான். நான் அடையாறில் ஒரு ஃபிளாட்டில் இருக்கிறேன். இங்கே உப்புக் காற்று அவ்வளவாக இல்லை. இருந்தாலும் இந்தக் காலத்துக் கம்ப்யூட்டரைத் திறந்து ரப்பர் போட்டுத் தேய்க்க முடியாது, திறக்கவே முடியாது. ஆனால் பழைய ஆட்டங்களைப் பழைய வேகத்தில் ஓட்டுவதற்கென்றே இப்போது ஒரு சாஃப்ட்வேர் இருக்கிறது. வேண்டிய அளவுக்குக் குறைத்துக்கொள்ளலாம். அன்று ரப்பரோடு வீட்டுக்கு வந்து, நெட்டில் அந்தக் கார் ஆட்டத்தைத் தேடி எடுத்துப் போட்டு, வேகத்தைக் குறைத்தேன், இன்னும் குறைத்தேன். கடைசியில் பாலத்தில் கார் திக்கியது. அதே திக்கல்.

உடனே அக்காவுக்கு வீடியோ கால் போட்டேன். தலை பாதி நரைத்துவிட்டது அவளுக்கு. முழங்கால் வலிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். "அதையெல்லாம் இன்னுமா ஞாபகம் வச்சிண்டிருக்கே? எனக்கு எந்தக் கீயை அழுத்தணும்கறதே மறந்து போச்சுடா" என்றாள். "அடுத்த தடவை வரச்சே ஆடலாம், வை" என்றாள். அவள் வந்து ஆறு வருஷம் ஆகிறது.

அன்றிலிருந்து சில சாயங்காலம் நான் ஆடுகிறேன். இரண்டு பேர் ஆட்டம்தான், அதை மாற்றவில்லை. சிவப்புக் கார் கிளம்பிப் போகிறது, பாலத்தில் திக்குகிறது, ஒரு சுற்று முடித்து வருகிறது. மஞ்சள் கார் கோட்டிலேயே நிற்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் அதை ஒட்டித்தான் போக வேண்டியிருக்கிறது.